லைன் பச்சையில், பேச்சில் ‘டிக்’: இரண்டு ஈ1 போர்ட் கொண்ட தொலைபேசி சர்வரில் ஒரு நிகழ்வு ஆய்வு

மருத்துவமனை ஒன்றில் பழைய ஈபிஏபிஎக்ஸை (உள் போன்களை இணைக்கும் பெட்டி) அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கும் பிஆர்ஐ என்ற டிஜிட்டல் தொலைபேசி லைனுக்கும் நடுவே, ஆஸ்டரிஸ்க் என்ற தொலைபேசி மென்பொருள் ஓடும் சர்வர் ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள். வார்டுகளில் உள்ள சாதாரண போன்கள் ஈபிஏபிஎக்ஸில், அலுவலகத்து ஐபி போன்கள் சர்வரில், வெளியுலகத்துக்குப் போகும் 30 பேச்சுச் சேனல்கள் பிஆர்ஐயில். தமிழ்நாட்டில் நடுத்தர அளவு மருத்துவமனை, ஓட்டல், கல்லூரி என்று பல இடங்களில் இந்த அமைப்பைப் பார்க்கலாம். கீழே வருவது ஒரே இடத்தில் நடந்த சம்பவம் அல்ல. இப்படிப்பட்ட இடங்களில் திரும்பத் திரும்ப வரும் இரண்டு பழுதுகளைச் சேர்த்து ஒரு கேஸாகக் கட்டியிருக்கிறோம். அளவுகளும் கணக்கு ஒத்துவரும்படி எடுத்தவைதான். வேலை செய்யும் முறையும் காரணங்களும் உள்ளபடியே.

அமைப்பு

2யு ரேக் சர்வர். இரண்டு பவர் சப்ளை, பிழை திருத்தும் ஈசிசி மெமரி நான்கு துண்டு, ஒன்றின் நகலாக மற்றொன்று இருக்கும் ரெய்டு 1-ல் இரண்டு டிஸ்க். லினக்ஸ் மேல் ஆஸ்டரிஸ்க், தொலைபேசிக் கார்டை இயக்கும் டாஹ்டி டிரைவர். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் இரண்டு போர்ட் ஈ1 கார்டு (ஈ1 என்பது பிஆர்ஐ ஓடும் டிஜிட்டல் லைன் வகை).

போர்ட் 1-ல் எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் பிஆர்ஐ. ஃபைபரிலிருந்து லைனைப் பிரித்துக் கொடுக்கும் மக்ஸிலிருந்து 75 ஓம் கோஆக்சியலாக இறங்கி, பேலன் வழியாக 120 ஓம் ஜோடிக் கம்பியாக மாறி ஆர்ஜே45-ல் கார்டுக்குள் நுழைகிறது. போர்ட் 2-லிருந்து ஈபிஏபிஎக்ஸின் ஈ1 டிரங்க் கார்டுக்கு ஒரு கிராஸ் கேபிள்: 1-ம் பின் 4-க்கு, 2-ம் பின் 5-க்கு. எக்ஸ்சேஞ்ச் பக்கம் சர்வர் சந்தாதாரர். ஈபிஏபிஎக்ஸ் பக்கம் அதே சர்வர்தான் எக்ஸ்சேஞ்ச். க்ளாக்கும் இந்த வரிசையில்தான் இறங்கவேண்டும். எக்ஸ்சேஞ்ச் சொல்லும் தாளத்தைச் சர்வர் பிடிக்கவேண்டும், சர்வர் சொல்வதை ஈபிஏபிஎக்ஸ் பிடிக்கவேண்டும். இந்த ஒரு வாக்கியம் உடைந்ததுதான் முதல் பழுது. அதைக் கண்டுபிடிக்கப் பல நாள் ஆனது.

புகார்

ஐப்பசி மழையில் ஒரு மாலை இடி. எக்ஸ்சேஞ்ச் பக்கத்துப் போர்ட் செத்துப்போனது. மறுநாள் காலை கார்டு மாற்றப்பட்டது, லைன் வந்தது, இரண்டு போர்ட்டிலும் பச்சை விளக்கு. அன்று மதியத்திலிருந்து புகார்கள் வரத் தொடங்கின.

வெளியிலிருந்து வரும் அழைப்பிலும் வெளியே போகும் அழைப்பிலும் சீரான இடைவெளியில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகும் பேக்ஸ் முதல் பக்கம் போகிறது, இரண்டாவது பக்கத்தில் அறுந்துவிடுகிறது. சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் ஒரு மணி நேரம் பரவாயில்லை, சாயங்காலத்துக்குள் மறுபடி மோசம். மாலையில் ஒன்றிரண்டு முறை ஈபிஏபிஎக்ஸ் பக்கத்து விளக்கு சில விநாடி சிவந்து, பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாருடைய லைனும் அறுந்தது. இதெல்லாம் போக, ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை எல்லா அழைப்பிலும் ஒரு நொடி குரல் நசுங்கி ரோபோ போலக் கேட்டது. சர்வர் முகப்பில் ஆரஞ்சு விளக்கு அணையவே இல்லை.

புகாரை எழுதிக்கொள்ளும்போது கேட்கவேண்டிய ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை: எந்த எந்த வழியில் பேசும்போது சத்தம் வருகிறது, எந்த வழியில் வரவில்லை? பிறகு கேட்டபோது பதில் தெளிவாகவே இருந்தது. வார்டு போனிலிருந்து வார்டு போனுக்கு ‘டிக்’ இல்லை. வார்டு போனிலிருந்து ஐபி போனுக்கு, அதாவது கார்டின் ஈபிஏபிஎக்ஸ் போர்ட் வழியாகப் போகும்போதும், ‘டிக்’ இல்லை. எக்ஸ்சேஞ்ச் போர்ட்டைத் தொடும் அழைப்பில் மட்டும் இருக்கிறது. ரோபோ குரலோ கார்டைத் தொடும் எல்லா அழைப்பிலும் ஒரே நேரத்தில் வருகிறது. இரண்டு சத்தத்துக்கும் இரண்டு வேறு ஊற்று என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது.

இந்தப் பிரிவைச் செய்யாததால் நான்கு நாள் பொருள் மாற்றுவதிலேயே போனது. புதுக் கார்டுக்குப் பதில் இன்னொரு புதுக் கார்டு. பேலன் மாற்றம். ஈபிஏபிஎக்ஸ் பக்கம் சிவந்ததால் அந்த கேபிளும் மாற்றம். ஆரஞ்சு விளக்குக்காகப் பவர் சப்ளைக்கு ஆர்டர். லைன் கொடுத்த நிறுவனம் 24 மணி நேரம் சோதனை போட்டுப் பார்த்து ஒரு பிட் பிழைகூட இல்லை என்று எழுதிக் கொடுத்தது. அவர்கள் சொன்னது உண்மை. அது ஏன் பயன்படவில்லை என்பதைக் கீழே பார்க்கலாம்.

நிறத்தை முதலில் படிக்கவேண்டும்

ஈ1 போர்ட்டின் அலாரம் பழுது எந்தத் திசையில் என்று சொல்கிறது. எந்தப் பொருளில் என்று சொல்வதில்லை.

ரெட் என்றால் நமக்கு வரவேண்டியது வரவில்லை. ஒன்று மின்துடிப்பே இல்லை, அல்லது துடிப்பு இருந்தும் ஃப்ரேமின் தொடக்கத்தைப் பிடிக்க முடியவில்லை. ஈ1-ல் ஒன்றுவிட்டு ஒரு ஃப்ரேமின் முதல் டைம்ஸ்லாட்டில் 0011011 என்ற அடையாளம் வரும். தொடர்ந்து மூன்று முறை அது தவறினால் ஃப்ரேம் போய்விட்டதாகக் கார்டு முடிவுசெய்யும். யெல்லோ என்றால் நாம் அனுப்புவது எதிர்முனைக்குச் சேரவில்லை. எதிர்முனை ரெட்டில் இருந்துகொண்டு நமக்கு அதைத் தெரிவிக்கிறது. அப்போது நம்முடைய அனுப்பும் ஜோடியைத்தான் பார்க்கவேண்டும், வாங்கும் ஜோடியை அல்ல. ப்ளூ என்றால் வழியில் உள்ள மக்ஸுக்கே மேலிருந்து எதுவும் வரவில்லை. அது வெறும் ஒன்றுகளை நிரப்பி அனுப்புகிறது. ப்ளூ வந்தால் நம் ரேக்கில் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கத் தேவையில்லை, லைன் கொடுத்தவரைக் கூப்பிட்டால் போதும்.

இந்தக் கேஸில் எக்ஸ்சேஞ்ச் பக்கம் எந்த நிறமும் வரவில்லை. வராததும் ஒரு செய்திதான். துடிப்பு இருக்கிறது, ஃப்ரேம் இருக்கிறது, எதிர்முனைக்கும் நம்முடையது சேருகிறது. ஆனாலும் பேச்சு கெடுகிறது. இப்படி இருக்கும்போது கார்டு, பேலன், கேபிள் மூன்றின் மேலுமான சந்தேகம் பாதி குறைந்துவிடவேண்டும்.

எண்ணிகளைக் குறித்துக் கழித்து அளந்தது

மீதிப் பாதியை எண்ணிகள் தீர்த்தன. டாஹ்டி ஒவ்வொரு ஸ்பானுக்கும், அதாவது ஒவ்வொரு ஈ1 போர்ட்டுக்கும், தனித்தனி எண்ணிக்கை வைத்திருக்கிறது. பைபோலார் மீறல் (மின்துடிப்பு வரிசையில் பிழை), சிஆர்சி பிழை (பிட் சரிபார்ப்பில் தவறு), டைமிங் ஸ்லிப், தவறிய இன்டரப்ட் (சிபியு கவனிக்காமல் விட்ட கார்டின் தட்டு) நான்கும் முக்கியம். ப்ராக் கோப்பகத்துக்குள் டாஹ்டி என்ற உறையில் ஸ்பான் எண்ணுக்கு ஒரு கோப்பாக இருக்கும்; டாஹ்டி டூல் திரையிலும் பெரும்பகுதி தெரியும். பல வாரமாகச் சேர்ந்த எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. தொடக்கத்தில் ஒரு முறை, 15 நிமிடம் கழித்து ஒரு முறை குறித்துக்கொண்டு கழித்துப் பார்க்கவேண்டும்.

காலை 10 மணிக்கு சர்வர் ரீஸ்டார்ட். எக்ஸ்சேஞ்ச் பக்க ஸ்பானில் 15 நிமிட அளவுகள் இப்படி:

10.15 – 10.30: ஸ்லிப் 45, சிஆர்சி 0, பைபோலார் 0
12.30 – 12.45: ஸ்லிப் 112, சிஆர்சி 0, பைபோலார் 0
17.00 – 17.15: ஸ்லிப் 225, சிஆர்சி 0, பைபோலார் 0

ஈபிஏபிஎக்ஸ் பக்க ஸ்பானில் மூன்றும் பூஜ்யம்.

கேபிள் நைந்திருந்தாலோ, பேலன் தப்பாக இருந்தாலோ, கோஆக்சியல் முனையில் ஷீல்டு விட்டுப்போயிருந்தாலோ பைபோலார் மீறலும் சிஆர்சி பிழையும் ஏறும். சிஆர்சி4 ஒரு நொடிக்கு 1000 முறை சரிபார்க்கப்படுகிறது. 15 நிமிடத்தில் 9 லட்சம் சோதனை. அத்தனையும் பாஸ் ஆகியிருக்கிறது. ஆக, கம்பி வழியாக வந்த பிட் எல்லாம் சுத்தமாகவே வந்து சேர்ந்தன. வந்த பிறகு கார்டு அவற்றை ஒரு ஃப்ரேம் விட்டோ இரட்டித்தோ எடுத்திருக்கிறது. ஸ்லிப் என்பது அதுதான். சிஆர்சி பூஜ்யம், ஸ்லிப் ஏறுகிறது என்றால் கையைக் கம்பியிலிருந்து எடுத்து க்ளாக்கில் வைக்கவேண்டும்.

ஏன் ‘டிக்’ என்பதும் இதில் வந்துவிடுகிறது. ஈ1 ஃப்ரேம் ஒன்று 256 பிட், 125 மைக்ரோநொடி. நொடிக்கு 8000 ஃப்ரேம். ஒரு ஃப்ரேம் போனால் ஒவ்வொரு பேச்சுச் சேனலிலும் ஒரே ஒரு ஒலிமாதிரி போகிறது. காதுக்கு அது மெல்லிய ‘டிக்’, பேசுபவர் பொறுத்துக்கொள்வார். பேக்ஸ் மோடம் பொறுக்காது, அதன் கட்டம் குலைந்துவிடும். அழைப்பை எழுப்பி முடிக்கும் செய்திகள் போகும் டி-சேனலில் அந்த நொடி செய்தி போய்க்கொண்டிருந்தால் அந்தச் செய்தி கெடும். ஆஸ்டரிஸ்க் பதிவில் நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை ‘எச்டிஎல்சி பேட் எஃப்சிஎஸ் (8)’, அதாவது கெட்ட செய்தி, என்று வந்தது இதனால்தான். பெரும்பாலான நேரம் டி-சேனலில் வெறும் நிரப்பு பிட்கள்தான் ஓடும். கெட்ட செய்தியும் மறுபடி அனுப்பப்பட்டுவிடும். அதனால் டி-சேனல் விழாமல் நின்று, எல்லாம் சரி என்ற தோற்றத்தைக் கொடுத்தது.

கணக்கு

15 நிமிடம் 900 நொடி. 45 ஸ்லிப் என்றால் நொடிக்கு 0.05, அதை 8000-ஆல் வகுத்தால் பத்து லட்சத்தில் 6.25 பங்கு வேறுபாடு. மதியம் 15.6. மாலையில் 31.25. ‘டிக்’ இடைவெளி 20 நொடியிலிருந்து 8 நொடி, பிறகு 4 நொடி. ஈ1 லைனுக்கு அனுமதிக்கப்பட்ட வேகப் பிறழ்வு பத்து லட்சத்தில் கூட்டல் கழித்தல் 50. மாலையில்கூட அந்த வரம்புக்குள்தான் இருக்கிறது. அதனால்தான் எக்ஸ்சேஞ்ச் பக்கம் எந்த அலாரமும் அடிக்கவில்லை. அலாரம் அடிக்காத அளவு என்பதற்கும் பேச்சுக்கு ஏற்ற அளவு என்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்: ஜி.811 என்ற சர்வதேசத் தரத்துக்கு இயங்கும் இரண்டு முதன்மைக் க்ளாக்குகளுக்கு இடையே 70 நாளுக்கு மேல் ஒரு ஸ்லிப்தான் வரும். முழு இணைப்பு ஒன்றுக்கு ஜி.822 ஏற்கும் அளவே நாளுக்கு 5.

இந்த மூன்று எண்ணில் பெரிய துப்பு அவற்றின் அளவில் இல்லை, அவை வளர்வதில் இருக்கிறது. சர்வர் கார்டின் குவார்ட்ஸ் படிகம் தன்பாட்டுக்கு ஓடி, எக்ஸ்சேஞ்ச் தன்பாட்டுக்கு ஓடினால் வேறுபாடு கிட்டத்தட்ட நிலையாக நிற்கும்; அறை வெப்பத்துக்கு ஏற்பச் சற்றே ஆடும், அவ்வளவுதான். ஏழு மணி நேரத்தில் ஐந்து மடங்காகாது. க்ளாக் எங்கேயோ தன் வாலைத் தானே பிடித்துச் சுற்றுகிறது என்று அர்த்தம். சர்வர் ஈபிஏபிஎக்ஸைப் பார்த்துத் தாளம் போடுகிறது, ஈபிஏபிஎக்ஸ் சர்வரைப் பார்த்துத் தாளம் போடுகிறது. இருவரும் ஒருவரையொருவர் மிகத் துல்லியமாகப் பின்பற்றுவதால் அவர்களுக்கு நடுவில் ஸ்லிப் பூஜ்யம். இருவரும் சேர்ந்து ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போகிறார்கள். எக்ஸ்சேஞ்ச் மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறது. மாலைக்குள் நகர்வு ஈபிஏபிஎக்ஸ் பிடிக்கக்கூடிய எல்லையைத் தொடும்போது அது பிடியை விடுகிறது. அதுதான் சில விநாடி சிவப்பு. ரீஸ்டார்ட் செய்யும்போது இரண்டும் தங்கள் இயல்பான வேகத்துக்குத் திரும்பிப் புதிதாக நகரத் தொடங்குவதால் ஒரு மணி நேர நிம்மதி கிடைக்கிறது.

அலாரம் அடித்தது ஈபிஏபிஎக்ஸ் பக்கம். புகார் எக்ஸ்சேஞ்ச் பக்கம். பழுது இரண்டிலும் இல்லை.

எங்கே தவறியது

ப்ராக் கோப்பின் முதல் வரியில் ஸ்பானின் பெயருக்குப் பிறகு, எந்த ஸ்பானிலிருந்து க்ளாக் எடுக்கப்படுகிறதோ அதில் மட்டும் ‘கிளாக்சோர்ஸ்’ என்று ஒரு சொல் இருக்கும். அது ஈபிஏபிஎக்ஸ் பக்கத்து ஸ்பானில் இருந்தது. கேஸ் அங்கே உடைந்தது.

பின்னோக்கிப் போனால்: கார்டு மாற்றும்போது இரண்டு கேபிளும் இடம் மாறிச் செருகப்பட்டிருக்கின்றன. இரண்டும் ஆர்ஜே45, இரண்டிலும் ஒரே நிற பூட், லேபிள் இல்லை. கிராஸ் இணைப்பு கேபிளுக்குள்ளேயே இருப்பதால் இடம் மாறினாலும் விளக்கு பச்சையாகவே வரும். ஆனால் டி-சேனல் எழவில்லை. ஒரு போர்ட்டில் இரு பக்கமும் சந்தாதாரர், மற்றதில் இரு பக்கமும் எக்ஸ்சேஞ்ச் என்று மோதிக்கொண்டன. மாற்றியவர் அனுபவசாலி. சேனல் கோப்பில் பிஆர்ஐ சிபிஈ (சந்தாதாரர்), பிஆர்ஐ நெட் (எக்ஸ்சேஞ்ச்) இரண்டையும் இடம் மாற்றினார், குரூப் எண்ணையும் கான்டெக்ஸ்டையும் மாற்றினார், அழைப்பு போனது. அவர் திறந்தது ஆஸ்டரிஸ்கின் சேனல் கோப்பு. க்ளாக் வரிசை இருப்பதோ டாஹ்டியின் சிஸ்டம் கோப்பில். அதை யாரும் தொடவில்லை.

அந்தக் கோப்பில் ஸ்பான் வரி இப்படி இருக்கும்:

ஸ்பான்=1,1,0,சிசிஎஸ்,எச்டிபி3,சிஆர்சி4
ஸ்பான்=2,0,0,சிசிஎஸ்,எச்டிபி3,சிஆர்சி4

முதல் எண் ஸ்பான். இரண்டாவதுதான் க்ளாக்: 1 என்றால் முதல் மூலம், 2 என்றால் முதலாவது போனால் இது, 0 என்றால் இதிலிருந்து ஒருபோதும் எடுக்காதே. மூன்றாவது கேபிள் நீளத்துக்கானது. கேபிள்கள் இடம் மாறியதும் 1 ஈபிஏபிஎக்ஸுக்கும் 0 எக்ஸ்சேஞ்சுக்கும் போய்விட்டன.

இதே தவறு கேபிள் மாறாமலும் வரும். கார்டு மாற்றியபின், கோப்புகளைத் தானே எழுதும் டாஹ்டி ஜென்கான்ஃப் ஓட்டினால் அது எல்லாப் போர்ட்டையும் சந்தாதாரர் பக்கம் என்று கொண்டு 1, 2 என்று வரிசையாக எண் போட்டுவிடும். 2 என்று ஈபிஏபிஎக்ஸுக்கு வந்தால் எக்ஸ்சேஞ்ச் லைன் அறுந்த அந்த நேரத்தில் சுழல் தொடங்கும். ‘பேக்கப்பாக இருக்கட்டுமே’ என்று சிலர் தெரிந்தே 2 போடுகிறார்கள். நம்மைப் பார்த்து நடப்பவரைப் பேக்கப் க்ளாக்காக வைக்க முடியாது. அங்கே 0தான் வரவேண்டும். எக்ஸ்சேஞ்ச் போய்விட்டால் சர்வர் தன் படிகத்தில் ஓடும், ஈபிஏபிஎக்ஸ் அதைப் பின்பற்றும், உள்ளுக்குள் பேச்சு கெடாது.

இப்போது லைன் கொடுத்தவரின் 24 மணி நேரச் சோதனைக்கு வருவோம். அவர்கள் தங்கள் மக்ஸில் லூப் போட்டு ஒரு பிட் வரிசையை அனுப்பித் திரும்ப வாங்கிப் பார்த்தார்கள். திரும்பி வருவது அவர்களுடைய க்ளாக்கிலேயே திரும்பி வருகிறது. நம் சர்வர் அந்த வட்டத்துக்குள் இல்லவே இல்லை. லூப் சோதனை கம்பியைச் சோதிக்கும். இரண்டு முனைகளின் க்ளாக் ஒத்துப்போகிறதா என்பதை அதனால் பார்க்க முடியாது. பூஜ்யப் பிழை அறிக்கை வந்த பிறகும் ‘லைன்ல தான் கோளாறு’ என்று அவர்களோடு மல்லுக்கட்டுவதும், ‘லைன் ஓகே, அப்போ கார்டுதான்’ என்று கார்டைக் கழற்றுவதும் இரண்டுமே தப்பு.

கார்டில் நாமே போடும் லூப் பிளக்குக்கும் இது பொருந்தும். ஆர்ஜே45 முனையில் 1-ஐ 4-க்கும் 2-ஐ 5-க்கும் முறுக்கிக் கிரிம்ப் செய்தால் போதும். செருகியதும் ரெட் போய்ப் பச்சை வந்தால் போர்ட் உயிரோடு இருக்கிறது. ஆஸ்டரிஸ்க் பதிவில் ‘நாமும் சிபிஈ, அவர்களும் சிபிஈ’ என்ற பொருளில் பிழைச் செய்தி வரும். நம் செய்தி நமக்கே திரும்பி வந்துவிட்டது என்பதற்கு அது நல்ல அடையாளம். இடிக்குப் பிறகு செத்த போர்ட்டை உறுதிசெய்ய இதைவிட விரைவான வழி இல்லை. இந்தக் கேஸில் இரண்டாவது கார்டை வாங்குமுன் இந்த 2 நிமிடச் சோதனையைச் செய்திருந்தால் அந்தச் செலவு மிச்சம்.

இரண்டாவது பழுது: ரோபோ குரல்

ஈ1 கார்டு ஒரு மில்லிநொடிக்கு ஒரு முறை, நொடிக்கு 1000 முறை, சிபியுவைத் தட்டும். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சேனலுக்கு 8 ஒலிமாதிரி கைமாறும். சிபியு சில மில்லிநொடி திரும்பிப் பார்க்காவிட்டால் அந்தத் துண்டு எல்லாச் சேனலிலும் போய்விடும். தவறிய இன்டரப்ட் எண்ணி இந்தச் சர்வரில் ஒரு நாளில் ஏழெட்டு இடத்தில் திடீரென்று குதித்து, மற்ற நேரம் அசையாமல் நின்றது. ‘டிக்’ சீராக வந்தது, இது கொத்தாக வந்தது. காதில் கேட்ட வித்தியாசம் எண்ணியிலும் அப்படியே.

வழக்கமான சந்தேகங்கள் சீக்கிரம் கழிந்தன. கார்டின் இன்டரப்டை வேறு சாதனம் பங்குபோடவில்லை. கார்டின் நேரத் துல்லியத்தைப் பார்க்கும் டாஹ்டி டெஸ்ட் சாதாரண நேரத்தில் 99.98 சதவீதத்துக்கு மேல். டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் எண்ணிகளில் கெட்ட செக்டர்களைக் காட்டும் 5, 197, 198 மூன்றும் பூஜ்யம். 199 மட்டும் 3, அது கேபிள் வழிப் பிழையின் எண்ணிக்கை, பழையது, ஏறவில்லை. ரெய்டில் இரண்டு டிஸ்கும் உண்டு.

மிச்சம் இருந்தது அந்த ஆரஞ்சு விளக்கு. சர்வருக்குள் தனியாக ஓடும் கண்காணிப்புச் சில்லான பிஎம்சியின் நிகழ்வுப் பதிவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது ‘பவர் சப்ளை 2, ஏசி இல்லை’ என்ற வரிகள். டஜன் கணக்கில். அதைப் பார்த்துத்தான் பவர் சப்ளைக்கு ஆர்டர் போனது. ஒவ்வொரு வரிக்கும் அடுத்து ஒரு நிமிடத்துக்குள் ‘ஏசி வந்தது’ என்ற வரியும் இருக்கிறது. கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் நேரம் அது. இரண்டாவது பவர் கேபிளை யாரோ யுபிஎஸ் இல்லாத சுவர் சாக்கெட்டில் செருகியிருக்கிறார்கள். சப்ளையில் குற்றம் இல்லை. அந்தப் பவர் கேபிள் வேறொரு யுபிஎஸ்ஸுக்கு மாற்றப்பட்டது.

அந்த வரிகளுக்கு நடுவில் ஒன்றிரண்டாகப் புதைந்திருந்தன ‘திருத்தக்கூடிய ஈசிசி பிழை, ஏ2’ என்ற வரிகள். விளக்கை ஆரஞ்சாக வைத்திருந்தது இதுதான். நேரத்தை ஒப்பிட்டபோது முதலில் எதுவும் பொருந்தவில்லை: ரோபோ குரல் காலை 11.42-க்கு, பிஎம்சி பதிவில் 6.12. பிஎம்சி உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, லினக்ஸ் நம் நேரத்தில். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டியதும் ஒவ்வொரு ஈசிசி வரியும் ஒவ்வொரு குரல் நசுங்கலோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு பதிவை ஒப்பிடும் எவரும் இந்த ஐந்தரை மணியை முதலில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பொருந்தவில்லை என்று சரியான துப்பைத் தூக்கிப்போடுவது அடிக்கடி நடக்கிறது.

திருத்தக்கூடிய பிழை என்றால் தரவு கெடவில்லை, ஈசிசி சரிசெய்துவிட்டது. அதனால் பலர் கவலைப்படுவதில்லை. ஆனால் பிழையின் எண்ணிக்கை ஒரு வரம்பைத் தாண்டும்போது சர்வரின் ஃபர்ம்வேர் எழுந்து, மொத்தச் சிபியுவையும் நிறுத்திவைத்து, எந்தத் துண்டு எந்தப் பகுதி என்று குறித்துவிட்டுத் திரும்பக் கொடுக்கிறது. இந்த நிறுத்தம் இயங்குதளத்துக்குத் தெரியாது. லினக்ஸின் இன்டரப்ட் பட்டியலில் அதற்கு வரி இல்லாமலும் போகலாம். வெப் சர்வரில் யாரும் கவனிக்காத சில மில்லிநொடி, பேச்சைக் கைமாற்றும் சர்வரில் 30 பேர் காதில் விழுகிறது.

ஏ2-ல் இருப்பது துண்டின் குற்றமா, ஸ்லாட்டின் குற்றமா? இரவு 1 மணிக்கு, அவசரப் பிரிவு எண் ஒரு மொபைலுக்குத் திருப்பப்பட்ட பிறகு, சர்வர் நிறுத்தப்பட்டது. இரண்டு பவர் கேபிளும் கழற்றி, கையில் எர்த் பட்டை கட்டி, ஏ2-ல் இருந்த துண்டை பி2-க்கும் பி2-ஐ ஏ2-க்கும் மாற்றினார்கள். பழைய பதிவை நகல் எடுத்துவிட்டுத் துடைத்தார்கள். மறுநாள் பிழை பி2-ல் வந்தது. துண்டோடு பிழை நகர்ந்துவிட்டதால் துண்டுதான். ஸ்லாட்டிலேயே நின்றிருந்தால் போர்டு அல்லது சிபியு என்று வேறு பக்கம் போகவேண்டியிருக்கும். அதே வகை, அதே அளவு, அதே ரேங்க் உள்ள புதுத் துண்டு போட்டதும் ஆரஞ்சு அணைந்தது.

க்ளாக்கைத் திருத்தியது

கேபிள் இருக்கும் இடத்துக்கு ஏற்பக் கோப்பை மாற்றுவதா, கோப்புக்கு ஏற்பக் கேபிளை மாற்றுவதா என்று இரண்டு வழி. இரண்டும் வேலை செய்யும். கேபிளைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோவதே நல்லது, ஏனென்றால் சுவரில் ஒட்டியிருக்கும் வரைபடமும் பழைய பேக்கப்பும் அதன்படி இருக்கின்றன. அடுத்த முறை இடி விழும்போது வேறொருவர் அந்தப் பேக்கப்பை எடுத்துத் திரும்பப் போட்டால் இதே பழுது மீண்டும் பிறக்கும்.

செய்த வரிசை: இரண்டு கோப்பையும் தேதியோடு நகல் எடுத்தல். ஆஸ்டரிஸ்கை நிறுத்துதல். கேபிளை இடம் மாற்றி, இரு முனையிலும் லேபிள் கட்டுதல். சேனல் கோப்பில் சிபிஈ, நெட், குரூப், கான்டெக்ஸ்ட் நான்கையும் பழையபடி ஆக்குதல். சிஸ்டம் கோப்பில் எக்ஸ்சேஞ்ச் ஸ்பானுக்கு 1, ஈபிஏபிஎக்ஸுக்கு 0 என்று உறுதிசெய்தல். கூடவே சேனல் எண்கள்: முதல் ஸ்பான் 1-15, 17-31, டி-சேனல் 16. இரண்டாவது 32-46, 48-62, டி-சேனல் 47. டாஹ்டி கான்ஃபிக்கை மறுபடி ஓட்டுதல், பிறகு ஆஸ்டரிஸ்கை எழுப்புதல். ஆஸ்டரிஸ்கை ரீலோடு மட்டும் செய்தால் க்ளாக் வரிசை மாறாது, இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கடைசியாக ஈபிஏபிஎக்ஸின் நெட்வொர்க் ஒத்திசைவு அமைப்பில் க்ளாக் இந்த டிரங்கிலிருந்துதான் எடுக்கவேண்டும் என்று இருக்கிறதா எனப் பார்த்தல். அது தன் சொந்தக் க்ளாக்கில் நின்றால் சுழல் இராது, ஆனால் ஸ்லிப் இந்த முறை ஈபிஏபிஎக்ஸ் பக்கம் வரும்.

‘கிளாக்சோர்ஸ்’ எக்ஸ்சேஞ்ச் பக்க ஸ்பானுக்கு வந்தது. எண்ணிகளைக் குறித்துக்கொண்டு 24 மணி நேரம் விட்டதில் இரண்டு ஸ்பானிலும் ஸ்லிப் 0, சிஆர்சி 0, பைபோலார் 0. மெமரி மாற்றிய பிறகு எடுத்த 24 மணி நேரத்தில் தவறிய இன்டரப்ட்டும் 0. எச்டிஎல்சி பிழை ஒன்றும் இல்லை. பத்துப் பக்க பேக்ஸ் மூன்று முறை முழுதாகப் போனது.

பிறகு வேண்டுமென்றே எக்ஸ்சேஞ்ச் கேபிளைப் பிடுங்கி 5 நிமிடம் வைத்துப் பார்த்தார்கள். எக்ஸ்சேஞ்ச் ஸ்பான் ரெட்டுக்குப் போனது. ஈபிஏபிஎக்ஸ் பக்கம் பச்சையிலேயே நின்றது, வார்டிலிருந்து ஐபி போனுக்குப் பேச்சு தடையில்லாமல் போனது. கேபிளைச் செருகியதும் ரெட் நீங்கி, டி-சேனல் எழுந்து, க்ளாக் திரும்பவும் எக்ஸ்சேஞ்சிலிருந்தே எடுக்கப்பட்டது. அந்த நேர அளவுகளும், 24 மணி நேரப் பூஜ்யங்களும், போர்ட் எண்ணோடு இரண்டு ஸ்பான் வரிகளும் ஒரு தாளில் எழுதப்பட்டு ரேக் கதவின் உட்பக்கம் ஒட்டப்பட்டன.